காலூன்றாத தாராவுக்கு நடை பழக்குதல்

ஓடு உடைத்து வெளியே வரும் பெக்கின் தாராக்குஞ்சின் எடை ஏறக்குறைய 50 கிராம். நல்ல தீனி கிடைத்தால் ஏழாவது வாரத்தில் அது 3 கிலோவை எட்டிவிடும். ஏழு வாரத்துக்குள் பாரம் அறுபது மடங்காகிறது. அந்தப் பாரம் முழுவதையும் இரண்டே கால்கள் தாங்க வேண்டும். எலும்பு இறுகுவதற்குள் உடம்பு கனத்துவிடுவதால், குஞ்சுப் பருவத்தில் நேரும் எந்தக் குறையும் முதலில் காலில்தான் தெரியவரும்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கம் வளவுக்குள் நாலைந்து தாரா வளர்க்கும் வீடுகள் இன்றும் உண்டு. மேற்கே வட்டை, கிழக்கே கடல், நடுவே தோணாவும் வாய்க்காலும் என்று கிடக்கும் நிலம் தாராவுக்கு வாய்ப்பான நிலம். அப்படியான வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஓடிவரும்: "உம்மா, இந்தக் குஞ்சி எழும்புதில்ல. கால் ரெண்டும் வெலகிப்போய்க் கிடக்கி." உம்மாவும் வந்து பார்ப்பார். "பாவம், இது தப்பாது மனே. வாப்பாட்டச் சொல்லி அறுத்தெடுப்பம்" என்பார்.

பல நேரங்களில் அந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. கால் விழுந்த குஞ்சுகளில் பெரும் பங்கு தீனியாலும் தரையாலும் விழுந்தவை. அந்த இரண்டையும் முதல் சில நாட்களுக்குள் திருத்திவிட்டால், கணிசமானவை மீண்டும் எழுந்து நடக்கும். நடைப் பயிற்சி அதற்குப் பிறகுதான். காரணத்தைத் திருத்தாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால், வலியுள்ள காலை மேலும் வருத்துவதாகத்தான் முடியும்.

முதலில் பார்க்க வேண்டியவை

தாராவைக் காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கையை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கீழே கொடுத்து, மறு கையால் இரண்டு சிறகுகளையும் உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். இறுக்கிப் பிடிப்பதும் ஆபத்து. பறவைகளுக்கு மனிதரைப்போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு உள்ளே போகும். நெஞ்சை அமுக்கினால் மூச்சு நின்றுபோகும். சந்தையில் வாங்கிய தாராக்களைக் கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, சைக்கிள் கைபிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவரும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது. வீட்டுக்கு வந்த அன்றே நொண்டும் தாராவுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்காது. காற்றுப் புகும் ஒரு கார்ட்போர்ட் பெட்டி போதும், இந்தக் கொடுமை தவிரும்.

மடியில் ஒரு துணியை விரித்து, தாராவை அதன்மேல் இருத்திக் காலை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும், பின்பக்கமாக மடிகிற மூட்டு முழங்கால் அல்ல, கணுக்கால் மூட்டு. உண்மையான முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. இரண்டு கணுக்கால் மூட்டுகளையும் ஒரே நேரத்தில் விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்தால், ஒன்று மற்றதைவிட வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பது விளங்கும். பிறகு பாதத்தைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். கறுத்த பொருக்கோ, வெட்டோ, சுற்றிக்கொண்ட நைலோன் நூலோ இருக்கக்கூடும். மீன்பிடி ஊர்களில் வலை நூல் காலை இறுக்கி இரத்தோட்டத்தை நிறுத்திவிடுவது எளிதில் நேரக்கூடியது. நூல் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவுக்கு அது சதைக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். விரல் இடுக்கையும் விட்டுவிடக் கூடாது.

கடைசியாக, விரல்களுக்கிடையில் உள்ள தோலை மெதுவாகத் தொட வேண்டும். தாரா காலை இழுத்துக்கொண்டால் நரம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். அது நல்ல அறிகுறி. கால் அசையாமல் துணிபோல் கிடந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

தீனியில் உள்ள குறை

கூட்டுக்குள் இருக்கும் குஞ்சு சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது. ஆனால் இரண்டு அடி வைத்ததும் உட்கார்ந்துவிடுகிறது. கால்கள் வில்லாக வளைந்திருக்கின்றன. கணுக்கால் மூட்டு பருத்திருக்கிறது. இப்படி இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நியாசின் என்ற பி3 விற்றமின் குறைபாட்டை.

கோழியின் உடம்பு புரதத்தில் உள்ள டிரிப்டோபன் என்ற பொருளிலிருந்து தனக்கு வேண்டிய நியாசினில் ஒரு பகுதியைச் செய்துகொள்ளும். தாராவின் உடம்புக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. அதனால் நியாசின் தீனியிலிருந்தே கிடைக்க வேண்டும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி சபை 1994இல் வெளியிட்ட கோழி, வாத்துத் தீவன அட்டவணையின்படி, பெக்கின் தாராவுக்கு ஒரு கிலோ தீனியில் 55 மில்லிகிராம் நியாசின் வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அதில் ஏறக்குறைய பாதி போதும். கடையில் வாங்கும் கோழிக்குஞ்சுத் தீன் கோழிக்குஞ்சின் தேவையைக் கணக்கில் வைத்துத் தயாரிக்கப்படுவது. அதையே தாராக்குஞ்சுக்கும் போட்டால் சில குஞ்சுகள் தாங்கும், சில விழும்.

கடைத் தீனும் இல்லாமல் குறுணலும் மிஞ்சிய சோறும் ஊறவைத்த பாணும் மட்டும் தின்று வளரும் குஞ்சுகளின் நிலை இன்னும் மோசம். தீட்டிய அரிசியில் விற்றமின்கள் பெரும்பாலும் தவிட்டோடு போய்விடுகின்றன. தவிட்டில் நியாசின் நிறைய உண்டு. ஆனால் அதில் பெரும் பகுதி பறவையின் குடல் உறிஞ்சமுடியாத கட்டுண்ட நிலையில் இருக்கிறது. சோளத்திலும் இதே கதைதான்.

வெறும் வெள்ளைச் சோறு பறவையின் காலை விழுத்தும் என்பதை உலகம் அறிந்துகொண்டது நமக்கு அண்மையில் உள்ள தீவொன்றில்தான். 1889இல் ஜாவாவின் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், இராணுவ வைத்தியசாலை ஆய்வுகூடத்தின் கோழிகள் தள்ளாடின, விழுந்தன, எழமுடியாமல் கிடந்தன. அங்கு பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த கிறிஸ்தியான் எய்க்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. சில மாதங்களில் கோழிகள் தாமாகவே தேறின. விசாரித்தபோது விடயம் வெளிவந்தது. கோழிகளுக்கு வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்திருக்கிறது. புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுக்கவே, தவிடு நீக்காத அரிசிக்கு மாற்றியிருக்கிறார்கள். கோழிகள் எழுந்துவிட்டன. அங்கே குறைந்திருந்தது பி1. நியாசின் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு விற்றமின். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. தாரா வளர்ப்பவருக்கு அந்த ஆய்வுகூடத்துக் கோழிகள் சொல்லும் செய்தி எளிது: கால் விழுந்தால் முதலில் தீனித் தட்டைப் பார்க்க வேண்டும்.

திருத்தும் வழி சிக்கலானதல்ல. தாரா வளர்ப்பவர்கள் பரவலாகக் கைக்கொள்ளும் அளவு, குடிதண்ணீர் 1 லீற்றருக்கு 30 முதல் 40 மில்லிகிராம் நியாசின். மாத்திரையைப் பொடியாக்கிக் கரைத்து, அந்தத் தண்ணீரை மட்டுமே குடிக்கக் கொடுக்க வேண்டும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கோழிகளுக்கான பி கொம்ப்ளெக்ஸ் திரவம் மிருக வைத்திய மருந்துக் கடைகளில் கிடைக்கும். அதன் அளவு போத்தலில் எழுதியிருக்கும். எதை வாங்கினாலும் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையும், இரும்புச் சத்து சேர்த்த மருந்தும் வேண்டாம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சில நாட்களிலேயே குஞ்சு நிற்கத் தொடங்கும். எலும்பு கோணலாகவே இறுகிவிட்டால் விற்றமின் அதை நிமிர்த்தாது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் பியர் வடிக்கும் ஈஸ்ட் தூள் பெரிதாகச் சொல்லப்படும். அதில் மனம் ஒப்பாத வீடுகள் நியாசின் மாத்திரையையே நம்பலாம், பலன் குறையாது. பாண் செய்யும் உயிர் ஈஸ்டை அதற்குப் பதிலாகப் போடக் கூடாது, அது குடலுக்குள் பொங்கும். மார்மைட்டில் பி விற்றமின்கள் உண்டு என்று அதைக் கரைத்துக் கொடுப்பதும் தவறு. அதிலுள்ள உப்பு குஞ்சுக்கு நஞ்சு. கருவாட்டுக்கும் இதே விலக்கு.

கடற்கரை ஊருக்குக் கைகொடுக்கும் உணவு சூரை மீன். நியாசின் மிகுந்த மீன்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. உப்பும் மிளகாயும் போடாமல் அவித்து, முள் நீக்கி, உதிர்த்துத் தீனியோடு கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். பச்சை மீன் கூடாது. சாளை, நெத்தலி போன்ற சில மீன்களின் பச்சைச் சதையில் பி1 விற்றமினை அழிக்கும் நொதி இருக்கிறது. அவித்தால் அது செயலிழந்துவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இருட்டுப் பெட்டிக்குள்ளேயே வளரும் குஞ்சுக்கு டி விற்றமின் குறைந்து எலும்பு மெத்தென்று போகும். காலை வெயில் நேராகப் படவேண்டும், கண்ணாடிக்கு உள்ளே விழும் வெயில் பயன்படாது. மற்றது பூஞ்சணம். ஈரம் பட்டுப் பூத்த நிலக்கடலை, சோளம், புண்ணாக்கு எதையும் தாராவுக்குக் கொட்டக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளும், அவற்றோடு தாராக்குஞ்சுகளும் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கால் மடிந்தன. அப்லாடொக்சின் என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது அந்த அழிவிலிருந்துதான். தாராக்குஞ்சு அந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும். பெரும்போக மழைக் காலத்தில் தீன் மூட்டையை நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வைப்பது இதற்காகத்தான்.

தரையில் உள்ள குறை

இப்போது வீடுகளில் டைல்ஸ் பதிப்பது சாதாரணமாகிவிட்டது. குஞ்சுகளைக் குசினி மூலையில் ஒரு பெட்டிக்குள், பத்திரிகைத் தாளை விரித்து வளர்க்கிறார்கள். தாளும் டைல்ஸும் தாராக்குஞ்சின் காலுக்குப் பகை. பிறந்து இரண்டு மூன்று நாளான குஞ்சு எழுந்து நிற்க முயலும்போது பாதம் வழுக்கிக் கால்கள் இரு பக்கமும் விலகும். திரும்பத் திரும்ப வழுக்கினால் தசைநார்கள் அந்த நிலையிலேயே நீண்டுவிடும். குஞ்சு வயிற்றில் படுத்து, கால்களைத் துடுப்புப்போல் பக்கவாட்டில் உதைத்து நகரும்.

முதல் வேலை தரையை மாற்றுவது. சுருக்கமில்லாமல் விரித்த சாக்கு, தும்புத் தரைவிரிப்பு, இறப்பர் பாய், நூல் நீட்டாத தடித்த துவாய் எதுவும் உதவும். ஈரமானதும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது வேலை காலைக் கட்டுவது. 1 சென்ரிமீற்றர் அகலமான, தோலை உரிக்காத மென்மையான பிளாஸ்டர் நாடாவை எடுத்து, ஒரு காலின் கணுக்காலுக்குக் கீழுள்ள தண்டில் ஒரு சுற்று, மறு காலில் ஒரு சுற்று என்று சுற்றி, இடையே ஒரு பாலம் விட வேண்டும். பாலத்தின் நீளத்துக்கு இடுப்பின் அகலமே அளவு. கால்கள் இரண்டும் உடம்புக்கு நேர்கீழே வந்து நிற்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. பசை தோலில் நேராகப் படாதிருக்க உள்ளே மெல்லிய துணி வைக்கலாம்.

கட்டியதும் குஞ்சு முதலில் முகங்குப்புற விழும், கத்தும். பக்கத்தில் இருந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டால், கொஞ்ச நேரத்தில் கட்டோடு நிற்கப் பழகிவிடும். கட்டை நாளுக்கொரு முறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். பாதம் வீங்கினாலோ, குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ இறுக்கம் அதிகம். முதல் வாரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நாட்களில் கால் நேராகும். வயது கூடக்கூட வாய்ப்புக் குறையும். கால் கட்டிய குஞ்சைத் தண்ணீரில் விடக் கூடாது. குடிக்கும் தட்டிலும் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் அலகு முழுதும் நனைந்து மூக்கைக் கழுவிக்கொள்ளும் அளவு தண்ணீர் இருக்க வேண்டும்.

வீட்டில் தீராதவை

கணுக்கால் மூட்டின் பின்பக்கம் தட்டையாகி, கால் திருகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் தசைநார் தன் பள்ளத்தை விட்டு நழுவியிருக்கலாம். மங்கனீசு, கோலின் போன்ற சத்துகள் குறைவதும், கால் முறுகுவதும் இதற்குக் காரணமாகும். நாட்கள் போனால் நார் சுருங்கி, மூட்டு அப்படியே இறுகிவிடும். அன்றோ மறுநாளோ வைத்தியர் பார்க்க வேண்டியது இது.

உள்ளங்காலில் கறுத்த பொருக்கும் அதைச் சுற்றி வீக்கமும் இருந்தால் அது பாதப்புண். கரடுமுரடான சீமெந்துத் தரையில் நிற்கும் கனத்த தாராக்களுக்குச் சிறு கீறல் வழியே கிருமி புகுந்து இது வரும். ஆரம்பத்தில் வெதுவெதுப்பான எப்சம் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊறவைத்து, துடைத்து, பொவிடோன் அயடின் பூசி, உலர்ந்த மெத்தென்ற தரையில் வைத்தால் அடங்கும். பிதுக்குவதோ பிளேட்டால் கீறுவதோ வேண்டாம். உள்ளே இருப்பது கெட்டியான சீழ், கிருமி எலும்புவரை போயிருக்கவும் கூடும்.

வளர்ந்த தாரா திடீரென்று கால் விழுந்தால் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். கடற்கரை ஊரில் ஒன்றை மறக்கவே கூடாது: வலையில் கோக்கும் ஈயக்குண்டு. மணலைக் கிளறித் தின்னும் தாரா அதைக் கல்லென்று விழுங்கும். கால் தளரும், சிறகு தொங்கும், எச்சம் பச்சையாகும். வயலுக்கு மருந்தடித்த நாட்களில் வட்டைப் பக்கம் போன தாராவுக்கும் நடுக்கமும் தள்ளாட்டமும் வரலாம். கோடையில் வாய்க்காலும் தோணாவும் வற்றி, செத்த மீன் அழுகிக் கிடக்கும் தேக்கத்தில் பொட்டுலிசம் நஞ்சு உருவாகும். அதைத் தின்ற தாராவுக்கு முதலில் கால், பிறகு சிறகு, கடைசியில் கழுத்து என்று வரிசையாகச் செயலிழக்கும். கழுத்தைத் தூக்க முடியாத தாராவைத் தண்ணீருக்குப் பக்கத்தில் விட்டால் மூழ்கிச் சாகும். நிழலில் வைத்து, தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். முட்டையிடும் பருவத்துப் பேடு திடீரென நடக்க முடியாமல் வயிற்றை அழுத்தி முக்கினால், முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

ஒரே நேரத்தில் பல தாராக்கள் விழுந்தால் அது தொற்று நோயாக இருக்கலாம். செத்தவற்றைத் தோணாவில் எறியாமல் மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

நடைப் பயிற்சி

தீனியும் தரையும் சரியாகி, வலி தணிந்து, தொட்டால் கால் அசைகிறது என்ற நிலை வந்த பிறகு பயிற்சியைத் தொடங்கலாம்.

படுத்த படுக்கையில் இருக்கும் தாராவுக்கு நெஞ்செலும்பின் முனையில் புண் வரும், கால்கள் ஒரு பக்கமாகச் சரிந்தே இறுகும். துவாயைச் சுருட்டி இரு பக்கமும் அணை வைத்து, கால்கள் வயிற்றின் கீழே மடிந்திருக்கும்படி இருத்த வேண்டும். சில மணிக்கொரு முறை இடம் மாற்ற வேண்டும். நாளைக்கு மூன்று நான்கு தடவை, தொடையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் காலை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை போதும். தாரா திமிறினாலோ காலை வெடுக்கென்று இழுத்தாலோ அத்தோடு நிறுத்த வேண்டும்.

அடுத்தது தண்ணீர். தாராவின் பாரத்தைத் தண்ணீர் சுமந்துகொள்வதால், நிற்க முடியாத காலும் அங்கே உதைக்கும். பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரை, பாதம் அடியைத் தொடும் அளவுக்கு ஊற்றித் தொடங்க வேண்டும். கை நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம். தாரா தானாக உதைக்கத் தொடங்கியதும், மிதக்கும் அளவுக்கு ஆழத்தைக் கூட்டலாம். இரண்டு காலும் ஒரே அளவில் உதைக்கின்றனவா, ஒன்று சோம்புகிறதா என்பது மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். சோம்பும் காலின் பாதத்தில் விரலால் லேசாகத் தொட்டால், அது விரலை உதைத்துத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் நல்ல பயிற்சி. வெளியே எடுத்ததும் துவாயால் ஒற்றி, இறகு முழுதும் உலரும்வரை காற்றுப் படாமல் வைத்திருக்க வேண்டும். தாய் இல்லாமல் வளரும் குஞ்சு எளிதில் நனைந்து குளிர்ந்துபோகும். பயிற்சிக்குத் தோணாத் தண்ணீர் ஆகாது. காலில் கீறல் இருந்தால் அழுக்கு உள்ளே போய்விடும்.

மூன்றாவது தொட்டில். நெசவுக்குப் பெயர்போன மருதமுனையில் இதற்குத் துணி தேட வேண்டியதில்லை. பழகிய பருத்திச் சாரனில் ஒரு துண்டு போதும். வளர்ந்த தாராவுக்கு ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் நீளம், 25 சென்ரிமீற்றர் அகலம். கால்கள் வெளியே வர இரண்டு துளைகளும், எச்சம் விழப் பின்னால் ஒரு வெட்டும் வேண்டும். துளைகளின் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடை உரசிப் புண்ணாகும். நான்கு மூலையிலும் நாடா தைத்து, எஸ்லோன் பைப்பில் செய்த நாற்கால் சட்டத்தில் கட்ட வேண்டும். நாடாவின் நீளத்தை மாற்றக்கூடியதாக முடிச்சுப் போடுவது முக்கியம்.

அந்த நாடாவின் நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பாதம் தரையில் தட்டையாகப் பதிந்து, மூட்டு கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கால் தொங்கினால் தசைக்கு வேலையே இல்லை. மூட்டு முழுதாக மடிந்து வயிறு தரையைத் தொட்டால் தொட்டில் இருந்தும் பயனில்லை. துணி நெஞ்சை அமுக்கக் கூடாது, பாரம் வயிற்றுக்கும் தொடைக்கும் பரவ வேண்டும். தீனியையும் தண்ணீரையும் கழுத்துக்கு எட்டும் உயரத்தில் முன்னால் வைத்து, பத்து நிமிடம் விட்டு எடுக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை செய்யலாம், களைக்காவிட்டால் நேரத்தைக் கூட்டலாம். தொட்டிலில் இருக்கும் தாராவைத் தனியே விட்டுப் போகக் கூடாது. காகமும் பூனையும் அதற்காகவே காத்திருக்கும்.

தொட்டிலில் உறுதியாக நிற்கத் தொடங்கிய தாராவை, மடித்த துவாயை வயிற்றின் கீழே கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு நடத்தலாம். பாரத்தில் பாதியைக் கை தாங்கட்டும், மீதியைக் கால் தாங்கட்டும். முன்னால் ஒரு பிள்ளை அவித்த பட்டாணியோடு குந்தியிருந்து கூப்பிட வேண்டும். இன்னொரு தாரா முன்னே போனால் இன்னும் நல்லது. தாராக்குஞ்சு தான் முதலில் கண்டு பழகிய உருவத்தின் பின்னால் போகும் சுபாவமுள்ளது. வாத்துக் குஞ்சுகளிடம் இந்த இயல்பை விரிவாக ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வீட்டுத் தாரா பெரும்பாலும் பிள்ளைகளின் பின்னாலேயே திரிவது அந்த இயல்பால்தான். ஆகவே நடை பழக்கும் வேலைக்கு வீட்டில் பொருத்தமான ஆள், அது யார் பின்னால் ஓடுமோ அவர்தான். நோயுற்ற தாராவைத் தனியறையில் அடைப்பதும் தவறு. கம்பி வலைக்கு மறுபக்கம் கூட்டாளிகள் தெரியும்படி வைத்தால் சாப்பாடும் கூடும், எழும் முயற்சியும் கூடும்.

ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கைபேசியில் சிறிய வீடியோ எடுத்து வைப்பது நல்லது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியாது. வாரத்தின் முதல் நாள் வீடியோவையும் கடைசி நாள் வீடியோவையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

வைத்தியரிடம் போகும்போது

அரச மிருக வைத்திய அலுவலகங்கள் பிரதேசந்தோறும் உண்டு. அங்கே மாடும் ஆடும் அதிகம் வரும், தாரா குறைவு. அதனால் போகிறவர் தகவலோடு போக வேண்டும்: குஞ்சின் வயது, என்ன தீன் தின்றது, எப்போது நொண்டத் தொடங்கியது, மற்றக் குஞ்சுகள் எப்படி, என்ன மருந்து கொடுக்கப்பட்டது. தீன் பையின் மேலுள்ள அச்சையும் படம் எடுத்துக் காட்டலாம். எக்ஸ்ரேயோ சத்திர சிகிச்சையோ வேண்டிய நிலையில், நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடமான பேராதனைப் பல்கலைக்கழகப் பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கலாம்.

மனிதருக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. வைத்தியர் மருந்து கொடுத்தால், முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தாராவைத் தொட்ட பிறகு பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். நலமாகத் தெரியும் தாராவும் சல்மொனெல்லா கிருமியைச் சுமக்கும்.

கால் திரும்பாவிட்டால்

எல்லாம் செய்தும் கால் திரும்பாத தாராக்கள் உண்டு. அவற்றுக்கும் வழி தேடியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பாதங்களே இல்லாமல் பிறந்த ஆண்டி என்ற வாத்துக்கு, 1980களின் கடைசியில் ஒருவர் கைக்குழந்தைகளின் சப்பாத்தை மாட்டி நடக்கப் பழக்கினார். டெனசியில் பட்டர்கப் என்ற தாரா 2012 நவம்பரில் இடது பாதம் பின்னோக்கித் திரும்பிய நிலையில் பிறந்தது. புண்ணும் வலியும் தீராததால் 2013 பெப்ரவரியில் அந்தப் பாதம் அகற்றப்பட்டது. அதன் சகோதரித் தாராவின் பாதத்தைப் படமெடுத்து, முப்பரிமாண அச்சில் அச்சு வார்த்து, சிலிக்கன் பாதம் ஒன்று அதே ஆண்டில் பொருத்தப்பட்டது. பட்டர்கப் அதைக் கொண்டு நடந்தது. கல்முனையில் அந்த வசதி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். எஸ்லோன் பைப் சட்டத்தின் நான்கு காலிலும் பழைய விளையாட்டு வண்டிச் சில்லைப் பூட்டினால் தொட்டிலே வண்டியாகிவிடும். ஒற்றைக் கால் மட்டும் பலவீனமான தாரா, மெத்தென்ற தரையும் எட்டும் தூரத்தில் தண்ணீரும் இருந்தால் வருடக்கணக்கில் நொண்டியபடியே நன்றாக வாழும்.

இரண்டு கால்களும் உணர்வற்று, தீனியை வெறுத்து, இறகைக் கோதாமல், நெஞ்சில் புண்ணோடு கிடக்கும் தாராவின் நிலை வேறு. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை அறியாத வீடு இந்தக் கரையில் இல்லை. வாயில்லாச் சீவனின் வேதனையை நீட்டுவதும் அந்த எச்சரிக்கைக்குள் அடங்கும். அந்நிலையில் வலியில்லாமல் முடிப்பது பற்றி வைத்தியரோடு பேசி, பிள்ளைக்கும் உண்மையைச் சொல்லித் தீர்மானிக்க வேண்டும். மருந்து உடம்பில் இருக்கும்போது அறுத்துச் சமைப்பது கூடாது.

நடை திரும்பிய தாராவை ஒரேயடியாகக் கூட்டத்தில் விடக் கூடாது. பலமானவை கொத்தும், தீனியிலிருந்து விரட்டும். முதலில் சாந்தமான ஒரு கூட்டாளியோடு சிறிய அடைப்பில் சில நாள் விட்டு, பிறகு காலை நேரத்தில் மட்டும் கூட்டத்தோடு சேர்த்து, தனித் தட்டில் தீன் வைக்க வேண்டும். நியாசின் தண்ணீரைக் கால் தேறியவுடன் நிறுத்திவிடாமல், வளர்ச்சி முடியும்வரை தொடர வேண்டும். கூட்டின் வாசல்படி உயரமாக இருந்தால் கட்டையடித்த சாய்பலகை ஒன்றை வைத்து, அதில் சாக்கைத் தைத்துவிட வேண்டும். தேறிய கால் மறுபடி முறுகுவது பெரும்பாலும் அந்த வாசல்படியிலிருந்து குதிக்கும்போதுதான்.